அப்பத்தாவுக்கு மாத்திரை கூடுன கதை

போன மழைக்காலத்துல அப்பத்தாவுக்கு கேன்சர் எலும்பு வரைக்கும் போயிருச்சு, டாக்டர் வலிக்கு அபின்லேர்ந்து எடுக்கற மார்ஃபின் மாத்திரை எழுதுனாரு, மொதல்ல நல்லா கேட்டுச்சு, ரெண்டு மாசத்துல அது பத்தாம டோஸ ஏத்துனாரு. உடனே மாண்டலேலேர்ந்து அத்தை போன்ல ஒரே கத்து, "அபின் பழகிருச்சுடா, எங்கம்மாவ கெடுத்துட்டீங்களேடா"ன்னு.

எனக்கு செம கோவம். ரங்கூன் தாம்வேல அன்னிக்கு ராத்திரி கரண்ட் வேற இல்ல, போன்ல மிச்சமிருந்த சார்ஜ்ல இதப் பத்தியே படிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

1975ல ஸ்காட்லாந்து அபர்டீன்ல ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ்னு ரெண்டு பேரு பன்னி மூளைலேர்ந்து என்கெஃபலின்னு ஒரு பெப்டைட பிரிச்சாங்க, அஞ்சே அஞ்சு அமினோ அமிலம் கோத்த குட்டிச் சரம், ஆனா நரம்பு செல்லு மேல மார்ஃபின் போய் உக்கார்ற ரிசெப்டர்ங்கற எடத்துலயேதான் இதுவும் உக்காருது. மூளையே செய்யற வலி மருந்தாச்சே, இது பழகாதுன்னு நெறைய பேருக்கு நப்பாசை. அடுத்த வருஷமே வெய், லோன்னு ரெண்டு பேரு எலி மூளைக்குள்ள இந்த மாதிரி பெப்டைட விடாம செலுத்திட்டு, மார்ஃபின் வேலைய மறிக்கற நலோக்சோன போட்டுப் பாத்தாங்க. எலிங்க நனஞ்ச நாய் மாதிரி உடம்ப உதறுது, மார்ஃபினுக்குப் பழகுன எலி பண்ற அதே கூத்து! மூளை செய்யறதுலயே பீட்டா எண்டார்ஃபின்னு 31 அமினோ அமிலத்துல இன்னொண்ணு இருக்கு, மார்ஃபினுக்குப் பழகுன எலிகிட்ட அதுவும் முன்ன மாதிரி எடுபடல.

காரணம் ரிசெப்டர்தான். ஓயாம தூண்டிட்டே இருந்தா அதோட வால்ல பாஸ்பேட் ஒட்டும், அரெஸ்டின்ங்கற புரோட்டீன் வந்து மறிச்சுக்கும், சில ரிசெப்டர செல்லு உள்ளயே இழுத்துக்கும், அப்பறம் பழைய டோஸ் பத்தாது. அப்ப நம்ம மூளை அது சுரக்கறதுக்கே ஏன் பழகிப் போகலன்னா, என்கெஃபலின் வெளிய வந்த கொஞ்ச நேரத்துலயே என்சைம் வெட்டிப் போட்டுரும், நின்னு வேலை செய்ய விடாது. எலிக்கு விடாம ஏத்துனதும் அப்பத்தாவுக்கு வேளாவேளைக்கு குடுக்கறதும் அப்படி இல்லயே, நாள் பூரா இருக்கும். நோயும் வளந்துச்சு, வலியும் கூடுச்சு, டோஸ் ஏறுனதுல அதுக்கும் பங்கு இருக்கு.

மருந்துக்கு ஒடம்பு பழகறது வேற, மருந்துக்கு அலையறது வேற. அப்பத்தா ஒரு நாள் கூட மாத்திரை கேட்டு அடம் புடிச்சதில்ல, நாங்கதான் தூங்கறத எழுப்பிக் குடுப்போம்.

இதெல்லாம் ஏழு நிமிஷம் வாய்ஸ் மெசேஜா அத்தைக்கு அனுப்புனேன், டோஸ் ஏத்துன மறுநாள் அப்பத்தா எழுந்து உக்காந்து சொரக்கா பஜ்ஜி போட்டு மொகிங்கா, அதான் மீன் கொழம்பு நூடுல்ஸ், சாப்ட்ட போட்டோவையும் சேத்து. மறுநாள்தான் பதில் வந்துச்சு, "எலியும் எங்கம்மாவும் ஒண்ணாடா ஒனக்கு?"