நான்குக்கு ஆறு புள்ளி

ஆறாம் வகுப்புக்கு மீ.பெ.கா. நடத்த வேண்டும்; அதாவது, இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். மீப்பெரு பொதுக் காரணி என்று கரும்பலகையில் எழுதினாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். இந்த முறை அந்தப் பெயரை எடுக்கவே இல்லை. கலர் சாக்பீஸைக் கொடுத்து, வராண்டாவில் நேர்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடச் சொன்னேன். கோடு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகத்தான் போக வேண்டும், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பலாம். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு கோடு முடிந்தது. இடம் மிச்சமிருந்தால் அடுத்த கலர். மொத்தம் எத்தனை கலர் ஆகிறது?

இரண்டுக்கு மூன்று புள்ளி என்றால் ஒன்று. மூன்றுக்கு நான்கும் ஒன்று. நான்குக்கு ஆறு, இரண்டு. மூன்றுக்கு ஆறு, மூன்று.

“பெருசுலேர்ந்து சின்னதைக் கழிச்சா போதும் டீச்சர்” என்றான் ஒருவன். மூன்றுக்கு மூன்று போட்ட பெண் விடவில்லை. “எனக்கு மூணு வந்துச்சே, கழிச்சா பூஜ்யம்ல?” “அது சதுரம். அதுக்கு வேற ரூல்!”

“தப்பு” என்று சொல்ல வாயெடுத்தேன். பதினைந்து வருடப் பழக்கம். எப்படியோ அடக்கிக்கொண்டு, இரண்டுக்கு ஐந்து போடச் சொன்னேன். அவன் கணக்குப்படி மூன்று வரவேண்டும், ஒன்றுதான் வந்தது. அழித்து அழித்து மூன்று தடவை போட்டான். அந்தப் பெண் நோட்டால் ஓரத்து நான்கு புள்ளிகளை மறைத்தாள். “இப்போ ரெண்டுக்கு மூணுதானே? அதுக்கு ஒண்ணுன்னு முன்னாடியே போட்டோமே.” அப்புறம் இருவருமாகச் சேர்ந்து சொன்னது: சதுரம் வரும்வரை கழித்துக்கொண்டே போ, அந்தச் சதுரத்தின் பக்கம்தான் விடை.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிவைத்த வழி இது! ‘சதுரத்துக்கு வேற ரூல்’ என்று அவன் சமாளித்ததுகூடத் தப்பில்லை, கழித்தல் நிற்கிற இடமே அதுதானே.

சந்தோஷத்தில் நான்தான் கெடுத்தேன். “இதுக்குப் பேர்தான் மீ.பெ.கா.!” என்று கத்திவிட்டேன். உடனே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் நோட்டைத் திறந்து தலைப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் பத்து நிமிடம் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை பெல் அடிக்கும் முன்பே வராண்டாவில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு, 216 புள்ளி வைத்து முடித்திருந்தார்கள். ஒரு கோடுகூட இன்னும் போடவில்லை. “டீச்சர், ஆறு கலர் வேணும். பெட்டியில அஞ்சுதான் இருக்கு.”