கூட்டினால் எட்டு

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, நான் படித்த பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசினேன். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மாட்டுக் கொட்டகை பல்பு வெளிச்சத்தில் படித்தது, கல்லூரியில் இரண்டாம் வருடம் மூன்று அரியர் வைத்துவிட்டு அப்புறம் முட்டி மோதி எல்லாவற்றையும் முடித்தது, எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது, இந்த ரகம். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியப்பா மகன் பைக்கில்தான் திரும்பினேன். பாதி வழியில் வண்டியை மெதுவாக்கிவிட்டு, "நல்லாத்தான் பேசுன. 2009ப் பத்தி ஒரு வார்த்தை வரலையே" என்றார்.

அதிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம். பருத்தி, மக்காச்சோளம், கிணற்றில் தண்ணீர் நின்றால் சின்ன வெங்காயம். அண்ணன், அதாவது இந்தப் பெரியப்பா மகன், பிறந்தது 1988, நான் 1990. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கணக்கு வாத்தியார், அவர் படித்து அட்டை கிழிந்த புத்தகத்தில்தான் நானும் படித்தேன். பிளஸ் டூவில் அவருடைய கட்-ஆஃப் என்னுடையதைவிட நாலு மார்க் அதிகம். ஆனால் அவர் முடித்த 2005இல் பொறியியல் சேர அது மட்டும் போதாது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்குத்தான் கணக்கு. திருச்சிக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கி கோச்சிங் போனவர்களுக்கு அந்த நூறு பழகிய விஷயம். அண்ணன் போகவில்லை, பெரியப்பாவிடம் கேட்கவும் இல்லை, யாரோ கொடுத்த பழைய கைடை வைத்துக்கொண்டு எழுதினார். அந்த நூறில் சறுக்கினார். நுழைவுத் தேர்வை ரத்து செய்ய 2006இல் சட்டம் வந்தது, 2007 சேர்க்கையில் அமலானது. நான் 2007. எழுதாமலே தப்பித்த முதல் செட்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அதிர்ஷ்டம் என்பதை அச்சடித்தே பார்த்தோம். அதற்கு ரேண்டம் எண் என்று பெயர். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் ஒரு எண் போட்டுத் தரும். அப்போது இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கியிருந்தால் முதலில் கணக்கு மார்க் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், அப்புறம் நாலாவது பாடம், அதுவும் சமம் என்றால் பிறந்த தேதியைப் பார்த்து மூத்தவருக்கு முன்னுரிமை, தேதியும் ஒன்றாக இருந்தால்தான் இந்த எண்ணுக்கு வேலை. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நல்ல நம்பரா?"

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினார். எட்டு. சனியின் எண். மறுபடி கீழிருந்து மேலே கூட்டினார், அப்போதும் எட்டுதான், வேறென்ன வரும். அம்மா அடுப்படியிலிருந்து, "பேர சேத்துக் கூட்டிப் பாருங்களேன்" என்றார். கவுன்சலிங் போகும் வரை வீட்டில் யாரும் அந்தத் தாளைத் தொடவில்லை.

அப்புறம் அழைப்புக் கடிதத்தைக் காட்டி எனக்கும் அப்பாவுக்கும் பஸ்ஸில் பாதி டிக்கெட், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்தது, திரையில் காலி இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை அப்பா வெங்காய ஏலம் பார்ப்பதுபோலப் பார்த்தது எல்லாம் நடந்தது. நினைத்த கல்லூரி கிடைத்தது. எட்டு ஒன்றும் செய்யவில்லை, அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும் அளவுக்கே நிலைமை வரவில்லை.

வேலை செய்தது பிறந்த தேதிதான். கவுன்சலிங்கில் மூத்தவருக்கு முன்னுரிமை. வெளியே அப்படியே தலைகீழ். அண்ணன் பொறியியல் கடைசி வருடம் படிக்கும்போது, 2008 ஆகஸ்ட்டில், கேம்பஸில் ஒரு ஐ.டி. கம்பெனி அவரை எடுத்தது. பெரியப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பேங்க் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அந்தப் பெயரை எங்கள் ஊரில் அதற்குமுன் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. அதோடு மந்தம் ஐ.டி. கம்பெனிகளையும் பிடித்துக்கொண்டது. 2009இல் படிப்பு முடிந்தது, ஆஃபர் லெட்டர் பீரோவில் இருந்தது, ஜாயினிங் தேதி வரவில்லை. பதினாலு மாதம். வாரத்துக்கு இரண்டு முறை பெரம்பலூர் போய் மெயில் பார்த்துவிட்டு வருவார். வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்களே என்று கேட்கிறவர்களுக்குப் பயந்து, பஸ்ஸை விட்டு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து வருவார். கடைசியில் அவரே விட்டுவிட்டார்.

2010இல் அதே மாதிரிக் கம்பெனிகள் எங்கள் கல்லூரிக்கு வந்து அள்ளிக்கொண்டு போயின. இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, பெரம்பலூர் எங்கே இருக்கிறது என்பது.

மந்த காலத்தில் படிப்பு முடித்து வெளியே வருகிறவர்களின் சம்பளம் பத்து வருடம் வரைகூடப் பின்தங்கியே இருக்கும் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல, வந்த வருடம் அப்படி. எங்கள் குடும்பத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது, "அவனுக்குச் சூதானம் பத்தல" என்பார்கள். என்னைப் பற்றி, "அவன் அப்பவே வெறியா படிப்பான்" என்பார்கள். ஹாஸ்டலில் வெறியாகச் சீட்டு ஆடித்தான் மூன்று அரியர் வந்தது என்பது இவர்களுக்குத் தெரியாது. அது மட்டும் சத்தியமாக என் பொறுப்பு, அதில் எந்தக் கிரகத்துக்கும் பங்கில்லை. (எல்லாமே எனக்குச் சாதகமாக வந்தது என்றும் சொல்ல முடியாது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல்தான் வந்தது, நான் அதற்குள் மூன்று வருடப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டியாகிவிட்டது.)

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி, "ஆமாண்ணே, எனக்கு நேரம் நல்லா இருந்துச்சு, உங்களுக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அவர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் கடை போட்டது? அதுவும் நேரமா?"

அவர் இப்போது உரக்கடை வைத்திருக்கிறார், கூடவே வயலுக்குச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் போட்டுக் கொடுக்கிறார். சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு முழு மானியம் என்பதால் மனு எழுதுவது, அடங்கல் என்கிற பயிர்ப் பதிவு நகல் வாங்குவது, நிலத்தை அளந்து எந்த வரியில் எத்தனை மீட்டர் குழாய் என்று கணக்குப் போடுவது எல்லாம் அவரேதான் செய்கிறார். குழாய் கடைசி மூலையில் தண்ணீர் அழுத்தம் குறையாமல் இருக்க எந்த அளவு குழாய் போடவேண்டும் என்று சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், எனக்குப் பாதி புரியவில்லை. 2010இல் அவரோடு ஆஃபர் லெட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் இன்னும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "நான் எந்திரிச்சு வந்தேன்ல. அத நீ எனக்குக் குடுக்கணும். 2009 மட்டும் என்னோடதில்ல, அத எடுத்துக்கோ."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர் ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்கிறார், இரண்டுமே அவருக்குச் சேரவேண்டியதுதான். கையில் சீட்டு நன்றாக விழுந்தவன் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசினால் அது தன்னடக்கம் மாதிரித் தெரிகிறது, அதே வாயால் அடுத்தவனுடைய பதினைந்து வருட உழைப்பையும் துடைத்துவிட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

போன வாரம் தலைமையாசிரியர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை அண்ணனைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். அண்ணனிடம் கேட்டதற்கு, வெங்காய நடவு நேரம், கடையை விட்டு நகர முடியாது, நீயே போய்ப் பேசு என்றுவிட்டார். போனை வைக்கும் முன்னால், "அந்த பேங்கு பேரையும் சொல்லிரு" என்றார்.