வெள்ளி: எடைக்கா, காசுக்கா?

தீபாவளி நெருங்கினால் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் லட்சுமி போட்ட வெள்ளிக் காசுக்குக் கூட்டம் நிற்கும். சாமி கும்பிட வாங்கினால் சரி. முதலீடு என்று சொல்லி வாங்குகிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. வெள்ளி விலைக்கு மேல் செய்கூலி, அப்புறம் ஜிஎஸ்டி 3 சதவீதம். திருப்பிக் கொடுக்கும்போது தராசுக்கு லட்சுமியும் தெரியாது, டிசைனும் தெரியாது. எடைதான் முக்கியம் என்றால் 999 (அதாவது 99.9 சதவீதம் சுத்தமான வெள்ளி) கட்டியாக வாங்கிப் போடுங்கள்.

பழைய ராஜா காசு விஷயம் வேறு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். ஆனால் 1911 ரூபாய் கையில் சிக்கினால் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். ராஜா அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று பிரச்சினையாகி, அச்சடித்ததில் பெரும்பகுதியை அரசாங்கமே உருக்கிவிட்டது. சேகரிக்கிறவர்கள் வெள்ளி விலைக்கு மேலேயே கொடுப்பார்கள்.

பாளையங்கோட்டையில் தெரிந்த ஆச்சி ஒருவர் அதில் ஒன்று வைத்திருந்தார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, "இப்பதாம்ல லட்சணமா இருக்கு" என்று நீட்டினார். லென்ஸில் பார்த்தால் ராஜா கன்னமெல்லாம் மெல்லிய கீறல்! அண்ணாச்சிமாரே, காசு கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். அரிதான 1939 ரூபாய் என்று யாராவது நீட்டினால் கடைசி எண்ணை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1938-ஐத் திருத்தி விற்கிற ஆட்கள் உண்டு.