மரப் பேக்கிங்கில் ஏற்றுமதி: ஐஎஸ்பிஎம் 15ல் எங்கே மாட்டுகிறது?

கோவையிலிருந்து பம்பு, காஸ்டிங் எல்லாம் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும்போது சரக்கு மாட்டுவதைவிட அதைச் சுமக்கும் மரம் மாட்டுவதுதான் அதிகம். பேலட், க்ரேட், கன்டெய்னருக்குள் அடைகொடுக்கும் கட்டை என எல்லாமே ஐஎஸ்பிஎம் 15 விதிக்குள் வரும்; மரப் பேக்கிங் வழியாகப் பூச்சி, நோய் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி இது. பிளைவுட்டுக்கும் 6 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான தடிமனுள்ள பலகைக்கும் விலக்கு உண்டு. ஆனால் பிளைவுட் பெட்டிக்கு அடியில் பைன் கட்டையில் கால் அடித்திருந்தால் அந்தக் காலுக்கு விலக்கு கிடையாது. பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் மரப்பட்டையைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் துண்டு 3 செ.மீ.க்குக் குறைவான அகலம் என்றால் நீளம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் அகலம் என்றால், ஒவ்வொரு துண்டின் பரப்பும் 50 ச.செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு போடுவதென்றால் பட்டை நீக்குவதைப் புகையூட்டலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது மரத்தைச் சேம்பர் என்ற மூடிய அறையில் சூடேற்றிப் பூச்சியைக் கொல்வது; அதன் கணக்கு 56 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். இது சேம்பர் காற்றின் சூடு அல்ல, மரத்தின் நடுப்பகுதியின் சூடு. இருப்பதிலேயே தடித்த கட்டையில், சேம்பரில் சூடு கடைசியாக எட்டும் இடத்தில் துளை போட்டு சென்சாரைச் செருகி, வாயை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் சூடான காற்று உள்ளே புகுந்து பொய்யான அளவு காட்டும். பக்கத்தில் ஆணி இருந்தாலும் இதே கதைதான். எல்லா சென்சாரும் 56ஐத் தொட்ட பிறகே 30 நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். நடுவில் இறங்கினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. பச்சை மரம் சூடேற நேரம் பிடிக்கும். இடைவெளி விடாமல் அடுக்கினால் இன்னும் இழுக்கும். "கில்ன் ட்ரை பண்ணிய (சூளையில் உலர்த்திய) மரம் சார்" என்பதை அப்படியே நம்ப வேண்டாம்: உலர்த்தும்போது 56/30 எட்டியதற்குப் பதிவு இருந்தால் மட்டுமே அது செல்லும்.

பிறகு முத்திரை. கட்டத்துக்குள் இடப்பக்கம் ஐஎஸ்பிஎம் 15க்கான கதிர்ச் சின்னம், நடுவே ஒரு கோடு, வலப்பக்கம் ஐஎன் (இந்தியாவின் குறியீடு), ட்ரீட்மென்ட் செய்த நிறுவனத்தின் எண், எச்டி (ஹீட் ட்ரீட்மென்ட்). எதிரெதிரான இரண்டு பக்கங்களிலாவது இருப்பது நல்லது. கையால் வரைந்தது செல்லாது. சிவப்பும் ஆரஞ்சும் வேண்டாம், அவை ஆபத்தான சரக்கின் லேபிள் நிறங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தவிர வேறு யாரும் இந்த முத்திரையைக் குத்தக் கூடாது. ட்ரீட்மென்ட் சர்டிபிகேட் கையில் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் உண்டு. முத்திரை இல்லாத மரத்தை அந்தக் காகிதம் காப்பாற்றாது.

எல்லாம் சரியாக இருந்தும் கெடுவது ஸ்டஃபிங் நேரத்தில்தான், அதாவது கன்டெய்னருக்குள் சரக்கை ஏற்றும்போது. சரக்கு ஆடுகிறது என்றதும் லோடிங் ஆள் மூலையில் கிடக்கும் ஒரு துண்டை எடுத்து ஆப்பாக அடித்துவிடுவார். அந்த ஒரு துண்டு போதும். முத்திரை குத்திய நீளக் கட்டையை அறுத்தாலும் அறுத்த துண்டில் முத்திரை இருந்தாக வேண்டும். அதனால் அடைகட்டைக்கு நெருக்கமான இடைவெளியில் திரும்பத் திரும்ப முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். கதவை மூடுமுன் ஒவ்வொரு கட்டையின் முத்திரையும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, மிச்சத் துண்டுகளை அங்கிருந்து அகற்றச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2017 நவம்பரிலிருந்து முதல் தவறுக்கே அபராதம் வரலாம். மரத்தை மட்டும் பிரித்தெடுக்க அனுமதி கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் சரக்கோடு சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். செலவு டெபிட் நோட்டாக நம் தலையில் வந்து விழும்.

பழைய பேலட் வாங்கினால் பலகைகளை எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றியிருந்தால் அது ரிப்பேர்; போட்ட புதுப் பலகைகள் ட்ரீட் செய்தவையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தனி முத்திரையும் வேண்டும். அதற்கு மேல் போனால் பழைய முத்திரைகளை அழித்துவிட்டு முழு பேலட்டையும் மறுபடி சேம்பரில் ஏற்றிப் புது முத்திரை குத்த வேண்டும்.