அணைத்த மைக்

"யாருப்பா அது, மார்க்கெட்லேர்ந்து கிளாஸுக்கு வர்றது? அமைதியான இடமாப் பாத்து உட்காரு."

இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த மாணவனுடைய மைக்கை அணைத்தேன். 2021 ஜனவரி, பி.காம். இரண்டாம் ஆண்டு, காஸ்ட் அக்கவுண்டிங் ஆன்லைன் வகுப்பு. சாட்டில் "சரி மேம்" என்று வந்தது.

அறுபது பேர் வகுப்பு. அவன் மைக்கில் வந்த ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அணைத்தது தப்பு என்று இப்போதும் முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு? சென்னை மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் ஒற்றை அறை வீட்டுப் பிள்ளையிடம் எந்த இடத்தை அமைதியான இடம் என்றேன்? நானும் பக்கத்துத் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள்தான். தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.

கூகுள் மீட்டில் மாணவரின் மைக்கை நாம் அணைக்கலாம், திறக்க முடியாது. அவர்களேதான் திறக்க வேண்டும். அவன் அதன்பிறகு திறக்கவே இல்லை. அரசு தந்த தினசரி 2 ஜிபி டேட்டாவில் ஒரு நாள் விடாமல் வந்தான். "பிரசன்ட் மேம்" என்று டைப் செய்வதோடு சரி.

இன்டர்னல் தேர்வில், அன்று வகுப்பில் கேட்ட அதே கேள்வியை வைத்திருந்தேன்: மாறும் செலவு, நிலைச்செலவு, எடுத்துக்காட்டு தருக. மற்றவர்கள் மூலப்பொருள், கட்டட வாடகை என்று புத்தகத்தில் இருப்பதை எழுதினார்கள். அவன் விடைத்தாளைத் தெர்மாகோல் பெட்டிமேல் வைத்துப் படம் எடுத்திருந்தான். ஓரம் நனைந்திருந்தது. "விசைப்படகு எத்தனை நாள் கடலில் தங்குமோ அதற்குத் தக்க ஐஸ், டீசல். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில் நின்றாலும் கட்ட வேண்டிய கடன் வட்டி நிலைச்செலவு."

இதைச் சொல்லத்தான் அன்று மைக்கைத் திறந்தானோ? கை தவறிப் பட்டும் இருக்கலாம். முழு மதிப்பெண் போட்டேன். இன்னும் ஏதோ எழுத நினைத்து, "நன்று" என்று மட்டும் எழுதினேன்.

பிப்ரவரியில் கல்லூரி திறந்ததும் அவனிடமே அதைக் கேட்டேன். "என்னிக்கு மேம்? ஞாபகம் இல்லியே" என்றான்.

அப்புறம் மறுபடி ஆன்லைன். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் மைக்கைத் திறந்து வையுங்கள் என்றேன். குக்கர் விசில், குழாயடிச் சண்டை, கொருக்குப்பேட்டை ரயில் எல்லாம் கேட்டன. பிள்ளைகள் சிரித்தார்கள், வகுப்பு வகுப்பாகிவிட்டது என்று எனக்கும் நிறைவாக இருந்தது. அன்று மாலை ஒரு மாணவி போன் செய்தாள். "எங்க வீட்டுச் சத்தம் எல்லாருக்கும் கேக்குது மேம். வேணாமே." மறுநாளே நிறுத்திவிட்டேன்.

அந்த ஐந்து நிமிடமும் அவன் மைக் அணைந்தேதான் இருந்தது.