நடு முதுகு வலியும் தையல் மிஷினும்

தீபாவளி நெருங்கினால் வீட்டில் பிளவுஸ் தைப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எனக்கு வலி தொடங்கியதும் அப்படி ஒரு சீசனில்தான். இடுப்பில் இல்லை, கழுத்திலும் இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே. காலையில் லேசான எரிச்சல், மாலைக்குள் நிமிர முடியாத பிடிப்பு.

மாமியார் "வாய்வுதான்மா" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார். நன்றாக ஏப்பம் வந்தது. வலி அப்படியே இருந்தது. பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுப்பவர் இருக்கிறார், ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு தேய்மானம் இருக்கலாம், முதுகை அழுத்த விட வேண்டாம் என்று தோன்றியதால் எலும்பு மருத்துவரிடமே போனேன்.

அவர் முதுகைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகளாகக் கேட்டார். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி வலிக்கிறதா? சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு உண்டா? கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா? மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறதா? எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது பக்கம் கூடுகிறதா? முதுகு வலிக்கும் இதற்கெல்லாம் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முதுகெலும்புக் காசநோய் நடு முதுகில் வருவது நம் நாட்டில் அபூர்வமில்லையாம். பித்தப்பைக் கல்லும் இதயக் கோளாறும்கூட வலியை முதுகுக்கு அனுப்பி வைக்குமாம். எனக்கு எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பதில். எலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்றார்.

நடு முதுகில் 12 எலும்புகள். அவற்றோடு விலா எலும்புகள் இணைந்திருப்பதால் இடுப்பைப்போல அது அதிகம் வளையாது. அதனால் அங்கே டிஸ்க் விலகுவதும் குறைவு. பெரும்பாலும் தசையும் சின்னச் சின்ன மூட்டுகளும்தான் வலிக்கின்றன. சில நாளைக்கு வலி மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், அப்புறம் பிசியோதெரபி. படுத்தே கிடக்கக் கூடாது என்றதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் கெட்டிக்காரி. தைக்கிற துணியைக் கொண்டுவரச் சொல்லி, தைக்கும்போது எப்படி உட்காருவேனோ அப்படியே உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, கண்ணை எப்போ டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள். விஷயம் அதுதான். வெள்ளெழுத்து வந்து, தையல் தெரியாமல், மூக்கு ஊசியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்திருக்கிறேன்.

கண்ணாடி போட்டேன். மிஷின் பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கு. தரையில் உட்கார்ந்து துணி வெட்டுவதை நிறுத்தி, இடுப்பு உயரத்தில் ஒரு பலகை போட்டுக்கொண்டேன். பயிற்சிகள் எளிதானவை: துண்டைச் சுருட்டித் தோள்பட்டைக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுத்து மூச்சை ஆழமாக இழுப்பது, நாற்காலியில் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துச் சாய்வின்மேல் மெதுவாக வளைவது, சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை மேலும் கீழும் நகர்த்துவது. தொடக்கத்தில் இன்னும் கொஞ்சம் உடம்பு வலித்தது. மெதுவாகச் செய்யச் சொன்னாள், நிறுத்தச் சொல்லவில்லை. சட்டென்று சரியாகவில்லை. பொங்கல் தாண்டிய பிறகுதான் வலி இல்லாத நாள்கள் அதிகமாயின.

இப்போது ஒரு பிளவுஸ் முடிந்ததும் எழுந்து நடந்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் பிடிப்பு எட்டிப் பார்க்கும். ஒத்தடமும் பயிற்சியும் போதுமாக இருக்கிறது. புடவைக்குக் குஞ்சம் கட்டுகிற வேலையை மட்டும் விட்டுவிட்டேன். அதற்கு எந்தக் கண்ணாடி போட்டாலும் குனியத்தான் வேண்டியிருக்கிறது. வருகிற புடவைகளை மாடி வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறேன், அவளுக்கும் கைச்செலவுக்கு ஆகிறது.