வீட்டுக்கு வந்த முட்டை

கொரோனா குழந்தைகளை அவ்வளவாகத் தாக்கவில்லை என்று அப்போது எல்லோரும் ஆறுதலாகச் சொன்னார்கள். கிருமியை மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மை. காரைக்குடிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை.

2020 மார்ச்சில் அங்கன்வாடிகள் மூடப்பட்டன. சத்துமாவும் முட்டையும் வீடு தேடி வந்தன. நல்ல ஏற்பாடுதான், அதற்காக வெயிலில் அலைந்த பணியாளர்களை நான் அறிவேன். ஆனால் மையத்தில் உட்கார்ந்து தின்னும் முட்டை அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேரும். வீட்டுக்கு வந்த முட்டை குழம்பில் விழுந்து எல்லோருக்கும் பங்கானது. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை நின்றுபோன வீட்டில், அடுப்பெரிக்கத் திண்டாடிய தாயை எப்படிக் குறை சொல்வது? அதோடு எடை பார்ப்பதும் நின்றதால், பிள்ளை இளைத்தது யார் கண்ணிலும் படவில்லை. மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடா ஒன்று எங்களிடம் உண்டு. 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டக்குறைவு. மறுபடி அளக்கத் தொடங்கியபோது, "அவன் அப்பாவைப் போல ஒல்லி வாகு, நர்சம்மா" என்று பாட்டி சொன்ன பேரனின் கையில் நாடா சிவப்பில் நின்றது.

தடுப்பூசியிலும் இதே கதை. ஐந்து நோய்த் தடுப்பூசி போட்டால் சிலருக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் என்றால் கொரோனா முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தாய்மார்கள் தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் வராமல் இருந்தார்கள். அந்த ஆண்டு உலகில் 2.3 கோடிக் குழந்தைகள் வழக்கமான தடுப்பூசிகளைத் தவறவிட்டதாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. எண்ணாகப் படிப்பது வேறு, பதிவேட்டில் காலிக் கட்டங்களைப் பார்ப்பது வேறு.

சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிக்குள் அடைபட்ட அப்பாக்களின் பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அப்பாவின் முகத்தை கைபேசியில் பார்த்ததும் சிலர் வாய் பேசாமல் ஒளிந்துகொண்டார்கள்.

செட்டிநாட்டில் திண்ணைக்கா பஞ்சம்? பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகப்பில் நல்ல காற்று வரும். உரியவர்களிடம் அனுமதி பெற்று, நான்கு நான்கு பிள்ளைகளாகத் தள்ளி உட்காரவைத்துச் சோறு போட்டு, அங்கேயே எடையும் பார்த்திருக்கலாம். இன்னொரு ஊரடங்கு வந்தால் முதல் வாரத்திலேயே இதற்கு இடம் கொடுங்கள் என்று வட்டாரக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். எந்தெந்தத் திண்ணை தோதாக இருக்கும் என்று பட்டியலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.